5 இடம்தான்... போட்டி பலம்! ஒலிம்பிக் அணிக்குள் நுழைவாரா அரியலூர் கார்த்தி?

செந்துறை,

அரியலூர் மாவட்டம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு சிமெண்டு ஆலையும் சுண்ணாம்புக்கல் லாரியும்தான் ஞாபகத்துக்கு வரும். செந்துறை என்றால் முந்திரியும் ரெயில் நிலையமும். அப்படிப்பட்ட மாவட்டத்தில் இருந்து ஒரு காவலாளியின் மகன் ஆக்கி மட்டையை தூக்கிக்கொண்டு இந்திய அணிக்குள் நுழைந்தார். அவர்தான் கார்த்தி செல்வம்.

2022-ம் ஆண்டு மே மாதம் இந்தோனேசிய தலைநகர் ஜகார்த்தாவில் ஆசிய கோப்பை போட்டி. எதிரணி பாகிஸ்தான். இந்திய அணிக்காக கார்த்தி ஆடிய முதல் ஆட்டம் அது. 9-வது நிமிடத்தில் பந்து வலைக்குள். கோல் போட்டது அரியலூர் தம்பி!

அன்றைக்கு ஆரம்பித்த பட்டிமன்றம் இன்னும் முடியவில்லை. பையன் நிலைச்சு நிற்பாரா? ஒலிம்பிக் வரை போவாரா? இல்லை, நாலு ஆட்டம் ஆடிவிட்டு ஊர் திரும்பிய பலரில் ஒருவராக ஆகிவிடுவாரா?

‘போட வேண்டிய நேரத்துல கோல் போடுறாரு, இதுக்கு மேல என்னய்யா வேணும்?’ என்பது ஒரு கட்சி. ‘பெரிய போட்டி வந்தா மட்டும் பேரை காணோமே, அது ஏன்?’ என்பது எதிர்க்கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

கோல் கணக்கு பேசுகிறது

முதலில் கார்த்தி பக்கம்.

பாகிஸ்தானுக்கு எதிரான அந்த ஆட்டம் 1-1 என்று டிராவில் முடிந்தது. ஜகார்த்தாவுக்கு சென்றது பெரும்பாலும் இளம் வீரர்கள் கொண்ட அணி. பயிற்சியாளர் முன்னாள் கேப்டன் சர்தார் சிங். அந்த அணி வெண்கலப் பதக்கத்தோடு திரும்பியது.

‘சின்ன அணிகளோட ஆடுன ஆட்டம்தானே’ என்று சிலர் இழுத்தார்கள். அதற்கும் பதில் கிடைத்தது. 2022 நவம்பரில் புவனேஸ்வரத்தில் புரோ லீக் போட்டி. நியூசிலாந்தை இந்தியா 7-4 என்று புரட்டி எடுத்தது. அதில் கார்த்திக்கு 2 கோல். 2023 மார்ச்சில் ரூர்கேலாவில் ஜெர்மனி. சாதாரண ஜெர்மனி அல்ல, 2 மாதம் முன்புதான் உலக கோப்பையை தூக்கிய ஜெர்மனி. அவர்களை இந்தியா 6-3 என்று சாய்த்தது. அதிலும் கார்த்திக்கு 2 கோல்.

அடுத்து 2023 ஆகஸ்டு. சென்னை எழும்பூர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை. சொந்த மாநிலம், நிரம்பி வழிந்த கூட்டம். இந்த மாதிரி நேரத்தில் கால் நடுங்கும் வீரர்கள் உண்டு. கார்த்திக்கு நடுங்கவில்லை. லீக் ஆட்டத்தில் மலேசியாவை இந்தியா 5-0 என்று வென்றபோது முதல் கோல் அவருடையது. அரைஇறுதியில் ஜப்பானை 5-0 என்று நொறுக்கியபோதும் ஒரு கோல் அவருடையது. இறுதிப்போட்டியில் மலேசியாவை 4-3 என்று வீழ்த்தி இந்தியா கோப்பையை வென்றது.

பெரிய போட்டியில் இடம் எங்கே?

இனி எதிர்க்கட்சி சொல்வதையும் கேட்போம்.

2023 ஜனவரியில் ஒடிசாவில் உலக கோப்பை நடந்தது. அணியில் கார்த்தி இல்லை. சென்னையில் கோப்பை வென்ற அடுத்த மாதமே சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டு. இந்தியா தங்கம் வென்றது. அதிலும் கார்த்தி இல்லை. 2024-ல் பாரீஸ் ஒலிம்பிக். இந்தியா வெண்கலம் வென்றது. அந்த பட்டியலிலும் அவர் பெயர் இல்லை.

2025 செப்டம்பரில் பீகார் மாநிலம் ராஜ்கிரில் ஆசிய கோப்பையை இந்தியா வென்றது. கார்த்தி மாற்று வீரர் பட்டியலில்தான் இருந்தார்.

இங்கே ஒரு ஒப்பீடு பலருக்கு கசக்கும். அபிஷேக், சுக்ஜீத் சிங் ஆகிய 2 பேரும் முன்கள வீரர்கள். இவர்களும் கார்த்தியை போலவே 2022-ம் ஆண்டுதான் சீனியர் அணிக்குள் வந்தார்கள். 2 பேரும் பாரீஸ் போய் ஒலிம்பிக் பதக்கத்தோடு வந்துவிட்டார்கள். ஒரே வருஷத்தில் பஸ் ஏறியவர்கள் ஊர் போய் சேர்ந்துவிட, கார்த்தி மட்டும் நடுவழியில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது.

ஏன் இப்படி?

திறமை இல்லாமலா? அப்படி சொல்ல முடியாது. முதல் காரணம் இடப்பற்றாக்குறை.

ஒலிம்பிக் ஆக்கி அணியில் மொத்தமே 16 பேருக்குத்தான் இடம். அதில் கோல் கீப்பர், தற்காப்பு, நடுகளம் எல்லாம் போக, பாரீஸ் அணியில் முன்கள வீரர்களுக்கு கிடைத்தது வெறும் 5 இடம். மன்தீப் சிங், லலித் உபாத்யாய், குர்ஜந்த் சிங், அபிஷேக், சுக்ஜீத் என்று அந்த 5-ம் நிரம்பிவிட்டது. முதல் 3 பேரும் டோக்கியோ ஒலிம்பிக் பதக்கம் பார்த்த பழைய கைகள். அவர்களை எழுப்பிவிட்டு உட்கார, ‘நல்லா ஆடுறார்’ என்ற பேர் மட்டும் போதாது. ‘இவர் இல்லாமல் அணி இல்லை’ என்று ஆக வேண்டும்.

2-வது காரணம் ஆட்டத்தின் பாணி. 2023-ல் தென்ஆப்பிரிக்காவை சேர்ந்த கிரெய்க் பல்டன் இந்திய அணியின் தலைமை பயிற்சியாளராக வந்தார். ‘முதலில் கோல் வாங்காதே, அப்புறம் கோல் போடு’ என்பது அவர் வழி. அவருடைய அணியில் முன்கள வீரர் எதிரணி கோல் பக்கமே நின்றுகொண்டு பந்துக்காக காத்திருக்க முடியாது. பந்து பறிபோனால் ஓடிவந்து மறிக்க வேண்டும். எதிரணி தற்காப்பு ஆட்டக்காரரை நிம்மதியாக பந்து கடத்த விடக்கூடாது. டி வட்டத்துக்குள் கோல் போட முடியாவிட்டால் பெனால்டி கார்னராவது வாங்கித் தர வேண்டும். வாங்கிக் கொடுத்தால் கோலாக்க ஹர்மன்பிரீத் சிங் இருக்கிறார்.

இந்த வேலை எதுவும் ஸ்கோர் போர்டில் வராது. டி.வி.யில் பார்ப்பவர் கண்ணுக்கும் சட்டென்று தெரியாது. ஆனால் தேர்வு நடக்கும்போது இதற்கெல்லாம் மார்க் உண்டு. கோல் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு ‘அநியாயம் பண்ணிட்டாங்க’ என்று கொதிப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

ஏலமும் எதிர்பார்ப்பும்

7 ஆண்டு இடைவெளிக்கு பிறகு ஆக்கி இந்தியா லீக் மீண்டும் வந்தது. 2024 அக்டோபரில் டெல்லியில் ஏலம். ஆண்கள் பிரிவில் 8 அணிகள், ஒவ்வொரு அணிக்கும் செலவு வரம்பு ரூ.4 கோடி. ஹர்மன்பிரீத் சிங் ரூ.78 லட்சத்துக்கும், அபிஷேக் ரூ.72 லட்சத்துக்கும் போனார்கள். கார்த்தியை சொந்த மாநில அணியான தமிழ்நாடு டிராகன்ஸ் எடுத்தது.

ஏலம் என்று வந்துவிட்டாலே எதிர்பார்ப்பும் எகிறும். ஒரு தொகை சொல்லி எடுத்தவுடன் ‘இவ்வளவு காசு குடுத்தாங்களே, எத்தனை கோல் போட்டாரு?’ என்று கேட்பது மனுஷ சுபாவம். ஆனால் அந்த லீக்கில் ஒவ்வொரு அணியிலும் வெளிநாட்டு நட்சத்திரங்கள் இருக்கிறார்கள். உள்ளூர் வீரர் ஆடும் நிமிடம் குறையும். அதே நேரம் உலகத்தரமான தற்காப்பு ஆட்டக்காரர்களோடு தினமும் மோதிப் பழகலாம். இளம் வீரருக்கு அதுதான் பெரிய வரவு. அந்த சீசனில் டிராகன்ஸ் அரைஇறுதி வரை சென்று 4-வது இடம் பிடித்தது.

2025 நவம்பரில் மலேசியாவின் ஈப்போ நகரில் அஸ்லான் ஷா கோப்பை. சில மூத்த வீரர்கள் போகாததால் கதவு மறுபடி திறந்தது. நியூசிலாந்துக்கு எதிராக 2-2 என்று ஆட்டம் இழுபறி. 54-வது நிமிடத்தில் கார்த்தி அடித்த கோல்தான் வெற்றியை கொடுத்தது. இந்தியா இறுதிப்போட்டி வரை சென்று பெல்ஜியத்திடம் 0-1 என்று தோற்று 2-வது இடம் பெற்றது. வாய்ப்பு கிடைத்தால் விடமாட்டேன் என்று கார்த்தி மறுபடி காட்டிவிட்டார்.

தமிழ்நாட்டின் ஏக்கம்

கார்த்தி மீது இவ்வளவு கண் விழுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு.

1975-ல் உலக கோப்பை வென்ற அணியில் வி.ஜே.பிலிப்ஸ் இருந்தார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணிக்கு கேப்டன் வி.பாஸ்கரன். புனே அருகே தமிழ் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை 4 ஒலிம்பிக் ஆடினார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆடம் சின்க்ளேர் ஆடினார். அவரோடு சரி. அதற்கு பிறகு 2012, 2016, டோக்கியோ, பாரீஸ் என்று எந்த ஒலிம்பிக் ஆக்கி அணியிலும் தமிழ்நாட்டு வீரர் இல்லை. 2008-ல் இந்தியாவே தகுதி பெறவில்லை.

20 வருஷத்துக்கும் மேலான ஏக்கத்தை ஒரே பையன் தலையில் ஏற்றி வைத்திருக்கிறோம் என்பதையும் மறக்கக்கூடாது. பஞ்சாபிலும் ஒடிசாவிலும் ஒருவர் வராவிட்டால் பின்னால் பத்து பேர் வரிசையில் நிற்பார்கள். நமக்கு ஒருவர் வராவிட்டால் பேச்சே நின்றுவிடுகிறது. ஜகார்த்தாவில் கார்த்தியோடு அறிமுகமான இன்னொரு தமிழர் கோவில்பட்டி மாரீஸ்வரன். அவருக்கு கார்த்தி அளவுக்குக்கூட தொடர்ந்து வாய்ப்பு அமையவில்லை.

ஊருக்கு இதனால் என்ன?

செந்துறை பக்கம் ஒரு வீட்டில் பையன் ‘நான் ஆக்கி ஆட போறேன்’ என்று சொன்னால், பெத்தவங்க முதலில் கேட்பது ‘அது சோறு போடுமா?’ என்பதுதான். தப்பில்லை. அன்றாடம் வேலைக்கு போனால்தான் அடுப்பு எரியும் வீடுகள் இவை.

கார்த்தி அரியலூரிலேயே இருந்து இந்த உயரத்துக்கு போகவில்லை. வீட்டை விட்டு கோவில்பட்டி போய், அங்குள்ள அரசு ஆக்கி சிறப்பு மையத்தில் பயிற்சி எடுத்துத்தான் மேலே வந்தார். கோவில்பட்டியில் செயற்கை இழை மைதானம் இருக்கிறது, தலைமுறை தலைமுறையாக ஆக்கி ஆடும் பழக்கம் இருக்கிறது. மண் தரையில் ஆடிய பையன் செயற்கை இழைக்கு மாறும்போது பந்தின் வேகமே வேறு. அந்த பழக்கம் சின்ன வயசிலேயே வர வேண்டும். அதற்காக பிள்ளையை தூரத்துக்கு அனுப்பும் துணிச்சல் எல்லா வீட்டுக்கும் வராது.

விளையாட்டு வீரர்களுக்கு தமிழக அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரெயில்வே, ராணுவம், பொதுத்துறை நிறுவனங்களும் ஆக்கி வீரர்களுக்கு வேலை கொடுக்கின்றன. ‘சோறு போடுமா’ என்ற கேள்விக்கு ஓரளவு பதில் இருக்கிறது. ஆனால் சட்டத்தை படித்து யாரும் பிள்ளையை அனுப்புவதில்லை. ‘அந்த வாட்ச்மேன் மவன் போனான்ல, நல்லா இருக்கான்ல’ என்று பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். கார்த்தி நிலைத்து நின்றால் இங்கே பல வீட்டுக் கதவு திறக்கும்.

எதை கவனிக்க வேண்டும்?

அப்படியானால் எதிர்பார்ப்பு நிறைவேறுமா? கோல் போடத் தெரியுமா என்ற பரீட்சையில் கார்த்தி எப்போதோ பாஸ். பெரிய அணி, சொந்த ஊர் கூட்டம், கடைசி நிமிட நெருக்கடி எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். மிச்சம் இருப்பது, மூத்தவர்கள் எல்லோரும் இருக்கும்போதும் அணியில் இடம் பிடிப்பது.

அடுத்த முறை இந்திய அணி பட்டியல் வந்தால் 2 விஷயத்தை பார்த்தால் போதும். மாற்று வீரர் வரிசையில் இருந்து முதன்மை பட்டியலுக்கு வந்தாரா? ஆட்டத்தின் கடைசி கால் பகுதியில், இந்தியா முன்னிலையில் இருக்கும்போது, பயிற்சியாளர் அவரை களத்தில் விடுகிறாரா? இது இரண்டும் நடந்தால் 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் கனவு நிஜமாக வாய்ப்பு உண்டு. மூத்த வீரர்கள் விலகும்போது இடமும் காலியாகும்.

நடக்காவிட்டால்? அப்போதும் காவலாளி வீட்டில் இருந்து புறப்பட்டு உலக சாம்பியன் ஜெர்மனிக்கு 2 கோல் போட்டது பொய்யாகிவிடாது. ஆனால் ஒரு கார்த்தியோடு நின்றுவிட்டால் குற்றம் கார்த்தி மேல் இல்லை. அடுத்த பையனுக்கு மைதானமும் மட்டையும் பக்கத்திலேயே கிடைக்கிறதா என்பதை அரியலூர் மாவட்டம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.