பேர் பெரிதா? வேலை பெரிதா?

காலேஜில் சேரும் பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமென்று தகப்பன் கடன் வாங்கியும், தாய் காதில் கிடந்ததை அடகு வைத்தும் பணம் சேர்த்துக் கொடுக்கின்றார்கள். பிள்ளை அதை எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சித் தெருவுக்கோ, தன் ஊர்க் கடைவீதிக்கோ போகின்றான். போய் என்ன கேட்கின்றான்? “ஐ-7 இருக்கின்றதா?” என்ற ஒரே கேள்விதான். “இருக்கின்றது தம்பி” என்கின்றார் கடைக்காரர். அதோடு வியாபாரம் முடிந்து போகின்றது.

தோழர்களே! இந்த ஐ-7 என்பது என்ன? இண்டெல் கம்பெனியார் தங்கள் பிராசசர்களுக்கு வைத்திருக்கும் வரிசைப் பெயர். ஒரே தலைமுறையில் வந்தவைகளுக்குள் எது பெரிது, எது சிறிது என்று காட்டுவதற்கு அது ஓர் அடையாளம். அவ்வளவேயொழிய, எந்தக் காலத்து ஐ-7ம் எந்தக் காலத்து ஐ-3க்கும் மேலென்று யார் சொன்னது? 2013ல் வந்த ஐ-7 4770ஐயும், 2022ல் வந்த ஐ-3 12100ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் 4 கோர்கள், 8 திரெட்டுகள். ஆனால் ஒரே வேலையைக் கொடுத்தால் ஐ-3 வெகு முந்தி முடித்து விடும். ஐ-7க்குப் போட்ட மதர்போர்டோ டி.டி.ஆர்.3 ராமோடு நின்று போனது. விண்டோஸ் 11 அந்தப் பிராசசரைத் தன் ஜாபிதாவில் சேர்க்கவே இல்லை. விண்டோஸ் 10க்கு அளித்து வந்த வழக்கமான ஆதரவையும் மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ந் தேதி நிறுத்தி விட்டது.

இப்படி ஆபீசுகள் கழித்துத் தள்ளிய யந்திரத்துக்குப் புதுக் கேபினட் மாட்டி, கலர் விளக்கு வைத்து, “ஐ-7” என்று சீட்டு ஒட்டி ஏழைப் பிள்ளையின் தலையில் கட்டுவதற்குப் பெயர் வியாபாரமா? பழையதைப் பழையதென்று சொல்லி, பழைய விலைக்கு விற்றால் நமக்கு ஆட்சேபணை இல்லை. லினக்ஸ் ஏற்றிக்கொண்டு அதிலேயே படித்து முன்னேறலாம். பெயரைக் காட்டி விலையை ஏற்றுவதைத்தான் புரட்டு என்கின்றோம். பெயரைக் கேட்டவுடன் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் புத்தி நம்மிடம் இருக்கும் வரை, இந்தப் புரட்டுக்குக் குறைவும் இராது.

நிற்க, பின் எப்படித்தான் பொறுக்குவது என்பீர்கள். முதலில் உங்கள் வேலை என்னவென்று முடிவு செய்யுங்கள். கணக்கு, கட்டுரை, புரோகிராம் எழுதுவது, பாடம் கேட்பது இவைகளுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு எதற்கு? கிராபிக்சைத் தன்னுள்ளேயே கொண்ட பிராசசர் போதும். 2021ல் வந்த ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி அப்படிப்பட்டது. 6 கோர்கள் கொண்டது. இண்டெலில் “எப்” என்ற எழுத்தில் முடியும் பிராசசரை மலிவென்று வாங்கி விடாதீர்கள். அதில் கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்டு போடாமல் திரையில் படம் வராது. ஓர் எழுத்தைக் கவனிக்காததற்கு ஒரு கார்டின் விலை தண்டம்!

ராம் 16 ஜி.பி. வேண்டுமானால் ஒன்றாக வாங்காமல் 8, 8 ஆக இரண்டு வாங்கிப் போடுங்கள். இரண்டு வழியாகப் போக்குவரத்து நடக்கும். கிராபிக்சும் அதே ராமையே பங்கு போட்டுக்கொள்ளுவதால், இதன் பயன் கண்ணுக்கே தெரியும். ஹார்டு டிஸ்க் என்பது தட்டு சுழன்று, முனை நகர்ந்து தேடிப் பிடிப்பது. எஸ்.எஸ்.டி.யில் அசையும் உறுப்பே இல்லை. ஆகையால் விண்டோசோ லினக்சோ இருக்க வேண்டிய இடம் எஸ்.எஸ்.டி.தான். மதர்போர்டோ பிராசசரின் சாக்கெட்டுக்குப் பொருந்த வேண்டும். அதற்கு மேல் அலங்காரம் வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் சிக்கனம் பார்த்தாலும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மாத்திரம் பார்க்காதீர்கள். கேபினட்டோடு இனாமாக வருவதன் மேல் 450 வாட் என்று அச்சடித்திருப்பதாலேயே அது 450 வாட் கொடுத்து விடுமா? அது கெட்டால் தான் மட்டும் கெடாமல் மற்றதையும் கெடுக்கக்கூடும். கலர் விளக்குக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுங்கள்.

“கடைக்காரர் அனுபவசாலி, அவருக்குத் தெரியாததா?” என்று சிலர் கேட்கலாம். தெரியும், நன்றாகவே தெரியும். எது தேங்கிக் கிடக்கின்றது, எதில் லாபம் அதிகம் என்பதும் தெரியும். யோக்கியமான கடைக்காரரும் பலர் இருக்கின்றார்கள். அப்படிப்பட்டவர் “ஏன்?” என்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபிக்கின்றவரிடம் வாங்க வேண்டிய அவசியமென்ன?

ஆகவே மாணவத் தோழர்களே! கடைக்குப் போகுமுன் ஒரு காகிதத்தில் ஒவ்வொரு பாகத்தின் பெயரையும், அதற்கு நேரே அது எதற்காக என்பதையும் எழுதுங்கள். காரணம் எழுத முடியாததை அடித்து விடுங்கள். பில்லில் “ஐ-7” என்று மொட்டையாக எழுத விடாமல், முழு மாடல் எண்ணையும் வாரண்டியையும் எழுதி வாங்குங்கள். உங்கள் தாயாரின் தோடு அடகுக் கடையில் இருக்கின்றது. அதை ஒரு வெறும் பெயருக்காகவா கொடுத்து விட்டு வருவது?