காணாததையும் எழுதுக

பனிச்சிறுத்தையைக் காண வேண்டும் என்பதற்காகவே பலர் குளிர்காலத்தில் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கிற்குச் செல்கின்றனர். மழை அரிதான அக்குளிர்ப் பாலைவனத்தில் 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் கிப்பர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே பல நாள் தங்கியும் விலங்கைக் காணாதவர், ‘பயணம் வீணாயிற்று’ என வருந்துவர். சுற்றுலாப் பயணி அவ்வாறு வருந்தலாம். ஆனால், கூடாரமிட்டுத் தங்கிக் கணக்கெடுப்பில் பங்கேற்பவர் வருந்த வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

இந்தியா முழுவதும் பனிச்சிறுத்தைகள் அறிவியல் முறையில் முதன்முதலாகக் கணக்கெடுக்கப்பட்டது 2019 முதல் 2023 வரையிலான காலத்தில்தான். இந்திய வனவிலங்கு நிறுவனம் அப்பணியை ஒருங்கிணைத்தது. எச்சம், காலடித் தடம் முதலியவற்றைத் தேடிக் களப்பணியாளர்கள் 13,450 கிலோமீட்டர் தொலைவு ஆராய்ந்தனர். விலங்கு கடக்கும்போது தானே படமெடுக்கும் கேமராக்களை 1,971 இடங்களில் பொருத்தினர். நம் கைரேகையைப் போல ஒவ்வொரு சிறுத்தையின் புள்ளிக்கோலமும் தனித்தன்மை உடையது. ஆதலால் ஒன்றையே இருமுறை எண்ணும் பிழையைக் குறைக்கலாம். இவ்வாறு படங்களில் அடையாளம் காணப்பட்டவை 241. அறிக்கை கூறிய மதிப்பீடோ 718! அவற்றுள் 477 லடாக்கில் வாழ்பவை.

241 எவ்வாறு 718 ஆயிற்று? ஒரே சிறுத்தை எத்தனை முறை, எங்கெங்கே படத்தில் பதிந்தது, எத்தனை இரவுகள் கேமராவில் எதுவுமே பதியவில்லை என்பவற்றைக் கொண்டு, படத்தில் பதியாதவை எத்தனை இருக்கக்கூடும் எனக் கணிதமுறையில் மதிப்பிடுகின்றனர். எனவே வெறுமையான இரவும் ஒரு சான்றே. அதை எழுதாமல் விட்டால் கணக்குப் பிழைபடும். கடுங்குளிருக்கு அஞ்சி மலைமுகட்டிற்கு ஏறாமலே ‘அங்கு ஒன்றுமில்லை’ என எழுதுவது அதனினும் தீது. ‘காணவில்லை’ என்பது வேறு, ‘பார்க்கச் செல்லவில்லை’ என்பது வேறு அன்றோ?

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. ஸ்பிதியில் பனிச்சிறுத்தை மேய்ப்பரின் ஆடுமாடுகளையும் அடித்துத் தின்கிறது. கணக்குத் தவறினால் விலங்கைக் காக்கும் திட்டமும் தவறும், மேய்ப்பரின் இழப்பைக் குறைக்கும் திட்டமும் தவறும். கிப்பர் ஊர் மக்களே, அண்மையில் அவ்வூர்ப் பெண்களும், கேமரா பொருத்தும் பணியில் ஈடுபட்டிருப்பது எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது. பிழையின் விலையை அவர்களைவிட அறிந்தவர் யார்?

நமக்கு ஸ்பிதி செல்லும் வாய்ப்பு எப்போது கிட்டுமோ! தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பொங்கல் நாள்களில் பறவைகளைக் கணக்கெடுக்கின்றனர். போவன்பள்ளியில் வாழும் நாமும் அதே நாள்களில் அருகிலுள்ள ஹஸ்மத்பேட்டை ஏரிக்கரையில் பெற்றோருடன் கால்மணி நேரம் நின்று, கண்ட பறவைகளை எல்லாம் எழுதலாம். காகத்தையும் விட்டுவிட வேண்டா. ஒரு பறவையும் வரவில்லையெனில் நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்து, எதிரே ‘இல்லை’ என்று எழுதுங்கள்.