நீருக்கடியில் ஓர் ஊர்

விடுமுறை நாட்களில் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களைப் பார்க்க வருவோரின் வாகனங்கள் அட்டனுக்கு அப்பால் வரிசையாக நிற்கின்றன. டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலை யாத்திரிகர்களும் சேர்ந்துகொள்வர். நாமும் ஒரு நாள் போய் வந்தோம். தேயிலை மலைகளுக்கு நடுவே அந்த நீர்ப்பரப்பு அழகானதுதான்.

ஆனால், கடும் வரட்சியில் மவுசாக்கலை நீர் வற்றும்போது பழைய மஸ்கெலியா நகரின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரிகின்றன. 1960களில் நீர்மின் திட்டத்துக்காக அணை கட்டப்பட்டபோது மூழ்கிய நகர் அது. அவ்விடிபாடுகளைப் படம் பிடிப்போர் பலர். அங்கு வாழ்ந்தோர் எங்கே போயினர் எனக் கேட்போர் சிலரே. கிணற்றையும் வயலையும் விட்டு வந்த நமக்கு அக்கேள்வி எழாமல் இராது.

மின்சாரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதற்காக இடம் கொடுத்தவர்களை நாடு மறக்கக் கூடாது என்கிறோம். மூழ்கிய ஊர்களின் பெயர்களைக் கரையில் ஒரு பலகையிலாவது எழுதி வைக்கவேண்டும்.

நாமும் ஒன்று செய்யலாம். நாம் விட்டு வந்த குளம், வயல், ஒழுங்கைகளின் பெயர்களைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதுவிப்போம். நம் ஊர் நீரில் மூழ்கவில்லை. நினைவிலும் மூழ்க விடவேண்டாம்.