கையில் கொஞ்சம் கிரீஸ் படியட்டும்!

மெக்கானிகல் என்ஜினீயரிங் படிக்கும் பிள்ளையோ பெண்ணோ உள்ள வீட்டில், இரண்டாவது வருஷம் ஒரு பேச்சு கிளம்பும். "காலேஜ் படிப்பு மட்டும் போதாதாம், அம்மா. வெளியில் ஒரு கோர்ஸ் சேர வேண்டும். நாற்பதாயிரம் ரூபாய் ஆகும்." அம்மாவின் பார்வை தானாகவே கை வளையல் மீது போகும். வளையலைக் கழற்றுவதற்கு முன் ஐந்து நிமிஷம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள், சகோதரிகளே!

குழந்தை சொல்வதில் பாதி உண்மை. பட்டம் மட்டும் போதாது என்பது மெய்தான். ஆனால் பணம் கட்டி வாங்கும் காகிதமெல்லாம் தகுதி ஆகிவிடாது என்பதும் மெய்.

இது நேற்று முளைத்த சங்கதியல்ல. 1943-ல் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் மின்சாரப் பிரிவில் பட்டம் பெற்ற ஏ. லலிதாவைப் பாருங்கள். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்றவர் அவர். அவரும் வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. பீகாரிலுள்ள ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் ஓராண்டு செய்முறைப் பயிற்சி பெற்றார். "பெண்ணுக்குப் பட்டறை எதற்கு?" என்று இன்றும் கேட்கும் பெரியவர்களிடம் இந்த ஒரு பெயரைச் சொன்னால் போதும்.

சரி, என்ன செய்யலாம்?

முதல் வருஷத்தில் கற்க வேண்டியவை இரண்டு: டிராயிங் படிப்பதும், அளவெடுப்பதும். நம் தலைமுடியின் கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சாதாரண மைக்ரோமீட்டரோ நூறில் ஒரு பங்கையே அளந்து சொல்லிவிடும். இந்தக் கருவிகள் கல்லூரிப் பட்டறையிலேயே இருக்கின்றன. ரெக்கார்டு நோட்டு எழுதி முடித்ததும் அவற்றை மறந்துவிடாமல் இருந்தால் சரி. கம்ப்யூட்டரில் வரையும் மென்பொருள்கள் ஐந்தின் பெயரைத் தெரிந்துகொள்வதைவிட, ஒன்றே ஒன்றில் ஒரு பம்பை உறுப்பு உறுப்பாக வரைந்து காட்டுவது மேல். ஆட்டோடெஸ்க் போன்ற கம்பெனிகள் தங்கள் மென்பொருளை மாணவர்களுக்கு இலவசமாகவே தருகின்றன.

சர்டிபிகேட் வேண்டுமா? ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களை யாரும் காசில்லாமல் படிக்கலாம். நான்கு, எட்டு, பன்னிரண்டு வாரப் பாடங்கள் உண்டு. சர்டிபிகேட்டுக்கு மட்டும் கட்டணம் செலுத்தி, மையத்துக்கு நேரில் சென்று பரீட்சை எழுத வேண்டும். நேரில் எழுதித் தேறுவதால்தான் அதற்கு மதிப்பு.

விடுமுறையில் அம்பத்தூர், ஓசூர், கோவைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒரு மாதமாவது நிற்கட்டும். பெரிய கம்பெனிதான் வேண்டுமென்பதில்லை. பெரிய இடத்தில் கண்ணாடிக்கு அப்பால் நின்று வேடிக்கை பார்ப்பதைவிட, பத்துப் பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறையில் லேத்துக்குப் பக்கத்தில் நிற்பது நல்லது. சம்பளம் பெரும்பாலும் கிடைக்காது. கிடைத்தாலும் பஸ் செலவுக்குத்தான் காணும். ஆனால் புறப்படும்போது "வந்து போனார்" என்று ஒரு வரிக் காகிதம் வாங்கி வரக் கூடாது. எந்த யந்திரத்தில், என்ன உறுப்பில், என்ன வேலை செய்தார் என்று எழுதிய கடிதம் கேட்டு வாங்க வேண்டும். நேர்முகத் தேர்வில் கேள்விகள் அதிலிருந்துதான் பிறக்கும்.

மாணவர்களே கார் கட்டி ஓட்டும் போட்டிகளும் உண்டு. கோவை கரி மோட்டார் பந்தயத் திடலில் நடந்துவரும் 'ஃபார்முலா பாரத்' அப்படி ஒன்று. வெல்டிங் முதல் பில் கணக்கு வரை அதில் பழகலாம். ஆனால் காரே கதியென்று கிடந்து பாடத்தைக் கோட்டை விட்டுவிடக் கூடாது. பல கம்பெனிகள் 60 சதவீத மார்க்கும், அரியர் இல்லாமையும் கேட்கின்றன. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டால் எந்தச் சர்டிபிகேட்டும் பேசாது.

மூன்றாம் வருஷத்திலேயே 'கேட்' பரீட்சை எழுதலாம். அந்த மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். மேல்படிப்புக்கும், சில பொதுத்துறை நிறுவன வேலைகளுக்கும் அது உதவும்.

இப்போது எச்சரிக்கை. பொருளை உடைக்காமல் அதன் உட்குறையைக் கண்டறியும் என்.டி.டி. சோதனைக்கு "லெவல் டூ" சர்டிபிகேட் தருகிறோம் என்று விளம்பரங்கள் வரும். நல்ல தொழில்தான். ஆனால் பெரும்பாலும் பின்பற்றப்படும் அமெரிக்க முறைப்படி, பயிற்சியோடு வேலை அனுபவமும் வேண்டும். தகுதி வழங்கும் பொறுப்பு வேலை கொடுக்கும் கம்பெனியுடையது. பத்து நாள் வகுப்போடு முடிகிற காரியமல்ல. "வேலை நிச்சயம்" என்று சொல்லி முன்பணம் கேட்கும் இடத்தில் வாசற்படி மிதிக்காதீர்கள்.

பட்டம் வாங்கியும் உடனே வேலை அமையாவிட்டால் மனம் தளர வேண்டாம். 1961-ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டம் 1973-ல் திருத்தப்பட்டு, என்ஜினீயரிங் பட்டதாரிகளுக்கும் வழி திறந்தது. ஓராண்டு உதவித்தொகையோடு தொழிற்சாலைப் பயிற்சி. முடிவில் அரசாங்க அத்தாட்சி. தென்மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

ஆகவே அடுத்த முறை கோர்ஸ் பேச்சு வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். இதில் பரீட்சை வைப்பது யார்? இந்தக் காகிதத்தைக் கேட்டு வேலைக்கு எடுக்கும் கம்பெனிகள் எவை? முடித்ததும் உன் கையால் எதைச் செய்து காட்டுவாய்? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் தாராளமாகப் பணம் கொடுங்கள். வராவிட்டால் வளையல் கையிலேயே இருக்கட்டும். விடுமுறைக்குப் பட்டறைக்குப் போக நல்ல பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள்!