எக்ஸ்றேயில் கச்சான் தெரியாது

"இரண்டு கிழமையாக இருமல், ஒரு எக்ஸ்றே எடுத்தால் என்ன டொக்டர்?" ஓர்லிகோனில் எம்மவர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எடுக்காத வைத்தியர் அக்கறையில்லாதவர் என்ற பேச்சும் உண்டு. ஆனால், நாய் குரைப்பது போன்ற இருமலைக் காதால் கேட்டே அறியலாம். கைக்குழந்தைகளின் சாதாரண சளி இழுப்புக்கும் பெரும்பாலும் படம் தேவையில்லை.

எமது கவலை வேறு. கொண்டாட்டங்களில் இரண்டு வயதுப் பிள்ளையின் கையிலும் மிக்சரும் கச்சானும் கொடுக்கிறோம். புரைக்கேறி, முகம் சிவந்து, பின்பு அடங்கிவிடும். சில நாட்களில் மாறாத இருமல், ஒருபக்க இழுப்பு, காய்ச்சல். எக்ஸ்றேயில் நாணயம் பளிச்சென்று தெரியும், கச்சான் தெரியாது. அதன் பின்னால் காற்று அடைபட்டு ஒரு பக்க நுரையீரல் ஊதியிருப்பது சிலவேளை தெரியலாம். படம் முற்றிலும் சரியாக இருக்கவும் கூடும்.

ஆகவே படம் நல்லதென்றாலும் புரைக்கேறிய கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். அம்மம்மாதான் கொடுத்தவ என்ற சண்டைக்குப் பயந்து அதை மறைக்க வேண்டாம். அந்தக் கதையை வைத்துத்தான் சிறுவர் வைத்தியசாலையில் மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்த்து எடுப்பார்கள். புதிய வைத்தியம் அல்ல. 1897இல், பாசலுக்கு அப்பால் பிரைபேர்க்கில், குஸ்தாவ் கிலியான் ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் இருந்து எலும்புத்துண்டை இப்படித்தான் எடுத்தார்.

பிள்ளை மூச்செடுக்கத் திணறினால் எமக்கோ வேறு வைத்தியருக்கோ நேரம் கேட்டு நிற்காமல் உடனே 144ஐ அழையுங்கள்.