வீட்டுக்கு வீடு தூதரகம்

சாணக்யபுரியைப் பார்க்காதவர்களுக்குச் சின்ன அறிமுகம். சாந்தி பத் என்று அகலமான ஒரு சாலை. இரண்டு பக்கமும் புல்வெளி, அதை ஒட்டி வரிசையாக வெளிநாட்டுத் தூதரகங்கள். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை இந்தியா கேட், குதுப் மினார் எல்லாம் முடித்து இந்த வழியாகத்தான் கூட்டி வருவோம். ஒவ்வொரு கொடியாகப் பார்த்து எந்த நாடு என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுவார்கள். நம்ம தமிழ்நாடு இல்லம் இருப்பதும் இந்தப் பேட்டையில்தான்.

இந்தப் பேட்டைக்கு ஒரு விசேஷம் உண்டு. அந்த மதில்களுக்கு உள்ளே நம் அரசாங்கம் தானாக நுழைய முடியாது. 1961ஆம் வருட வியன்னா உடன்படிக்கையின் 22ஆம் பிரிவு அப்படி. தூதரின் சம்மதம் இல்லாமல் உள்ளூர் அதிகாரி யாரும் வளாகத்துக்குள் கால் வைக்கக் கூடாது. 1972ல் நாமும் அதைச் சட்டமாகவே இயற்றிக்கொண்டோம். போலீஸ் மட்டுமில்லை, கொசுப்புழு தேடி வருகிறவரும் இதில் அடக்கம். உடன்படிக்கையை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், பொது சுகாதாரத்துக்குப் பெரிய ஆபத்து என்றால் மட்டும் நுழையலாம் என்று ஒரு விதிவிலக்கு வரைவில் இருந்தது. பேசிப் பேசிக் கடைசியில் எடுத்துவிட்டார்கள். ஆக, உள்ளே ஒரு தொட்டியில் புழு நெளிந்தால் புது டெல்லி முனிசிபல் கவுன்சில் (இங்கே எல்லோருக்கும் அது என்.டி.எம்.சி.) மரியாதையாக ஒரு வேண்டுகோள் வைக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை.

தூதரகங்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அவர்களுக்காவது ஒரு சர்வதேச உடன்படிக்கை இருக்கிறது. நமக்கு என்ன இருக்கிறது? ஆர்.கே.புரத்திலும் மோதிபாகிலும் முனிர்காவிலும் இருக்கிற நம் வீடுகளில் கொசு சோதனைக்கு ஆள் வந்தால் "மேடம் தூங்குகிறார்கள்", "சாப் ஆபீஸ் போய்விட்டார்", "போன வாரம்தானே பார்த்துவிட்டுப் போனீர்கள்" என்று கம்பிக்கதவுக்கு உள்ளே இருந்தே அனுப்பிவிடுகிறோமே, அந்த விலக்குரிமையை நமக்குக் கொடுத்தது யார்?

டெல்லிக்கு டெங்கு புதிதில்லை. 1996ல் 10,252 பேருக்கு வந்து 423 பேர் இறந்தார்கள். 2006ல் அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங்கின் குடும்பத்துக்குள்ளேயே நுழைந்தது. அத்தனை காவலைத் தாண்டித்தான்! 2015ல் 15,867 பேர், 60 சாவு. எண்ணிக்கை கூடியும் சாவு குறைந்ததற்கு மருத்துவம் தேறியது ஒரு காரணம். நோய் வராமல் தடுப்பதில் நாம் தேறினோமா என்பதுதான் என் கேள்வி.

ஊருக்குப் போனால் "அது டெல்லிக்காரங்க வியாதியாச்சே" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 1968லேயே வேலூரில் டெங்கு பரவியபோது, டெங்கு வைரஸின் நான்கு வகைகளையும் மனிதர்களிடமிருந்தும் கொசுக்களிடமிருந்தும் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். 2012ல் தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல், 2017ல் இருபத்து மூவாயிரத்துக்கு மேல் பாதிப்பு. அண்டா, தவலை, சிமெண்டுத் தொட்டி, பிளாஸ்டிக் டிரம் என்று தண்ணீரைப் பிடித்துப் பிடித்து வைக்கும் பழக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறியது. டெல்லிக்கு வரும்போது அதையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் வருகிறோம். இங்கே வந்ததும் கூடவே கூலரும் சேர்ந்துகொள்கிறது.

இந்தக் கூலரைத் தென்னாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டும். ஜன்னலில் மாட்டிய தகரப் பெட்டி, மூன்று பக்கமும் புல் திரை, அடியில் தண்ணீர்த் தொட்டி, நடுவில் ஃபேன். மே மாத டெல்லியில் ஏசி இல்லாதவனுக்கு இதுதான் தெய்வம். ஏடிஸ் கொசுவுக்கும் இதுதான் தெய்வம். நல்ல தண்ணீர், நிழல், பக்கத்திலேயே மனித ரத்தம். வேறென்ன வேண்டும்?

இந்தக் கொசுவின் சாமர்த்தியம் தெரியாததால்தான் நாம் பாதி வேலை செய்துவிட்டு முழு நிம்மதி அடைகிறோம். அது முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டால் போச்சு என்று நாம் நினைக்கிறோம். முட்டை அங்கேயேதான் இருக்கிறது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நவம்பரில் கூலரைக் காயவைத்துப் பரணில் ஏற்றி, ஏப்ரலில் இறக்கித் தண்ணீர் ஊற்றினால் பழைய கணக்கு மறுபடி திறந்துகொள்ளும். (வங்கிக்காரன் பாஷையில் சொன்னால் டார்மண்ட் அக்கவுண்ட்!) அதனால் கொட்டினால் மட்டும் போதாது, உட்பக்கத்தை நாரோ பிரஷ்ஷோ வைத்து அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒரு முறை என்று சொல்வது இதனால்தான்.

இன்னொன்று. இந்தக் கொசு அதிக தூரம் போகாது. பிறந்த இடத்திலிருந்து நூறு இருநூறு மீட்டருக்குள்தான் அதன் உலகம். அப்படியானால் நோய் கரோல்பாகிலிருந்து சாணக்யபுரிக்கு எப்படி வருகிறது? நாம்தான் கொண்டுவருகிறோம், மெட்ரோவிலும் ஸ்கூல் பஸ்ஸிலும். காய்ச்சல் வந்த ஆளைக் கொசு கடித்தால் வைரஸ் அதற்குள் போகும். எட்டுப் பத்து நாள் கழித்து அது யாரைக் கடித்தாலும் அவருக்கு வரும். ஆகவே காய்ச்சல்காரரைப் பகலில் கொசுவலைக்குள் படுக்கவைப்பது அவருக்காக இல்லை, அண்டை வீட்டுக்காக. ஆனால் எந்த வீட்டிலாவது பகலில் வலை கட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஏடிஸ் கடிப்பது பகலில். நாம் வலை கட்டுவது ராத்திரியில்.

இதற்குப் பதிலாக நாம் கேட்பது புகை. வண்டி டபடபவென்று வந்து வெள்ளைப் புகை கிளப்பினால்தான் குடியிருப்பில் எல்லோருக்கும் திருப்தி. கவுன்சிலருக்கும் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். புகை கொல்வது அந்த நேரத்தில் பறக்கும் கொசுவை மட்டுமே, தொட்டிக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. ஏடிஸ் உட்கார்ந்திருப்பது கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், தொங்கும் துணிகளுக்குப் பின்னால். நாமோ புகை வண்டி சத்தம் கேட்டதும் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிறோம் :)

நோய் வந்த பிறகு நடக்கும் கூத்து தனி. அக்டோபரில் டெல்லியில் ஆட்டுப்பாலுக்கு அலைவார்கள். பப்பாளி மரம் வைத்திருப்பவர் வீட்டில் இலை மிஞ்சாது. ஊரிலிருந்து நிலவேம்புப் பொடி கூரியரில் வரும். பேச்செல்லாம் பிளேட்லெட் எத்தனை என்பதுதான், பங்குச் சந்தை போல மணிக்கு மணி. டாக்டர்கள் அதிகம் பயப்படுவது ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவதைத்தான். அது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான் வரும். "காய்ச்சல் விட்டுடுச்சு, நாளைக்கு ஸ்கூல் போகலாம்" என்று நாம் சொல்லும் அதே நாளில்! வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், பிள்ளை சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் ரத்தக்கசிவைக் கூட்டும், வேண்டாம். ஏற்கெனவே ஒரு முறை டெங்கு வந்தவருக்கு வேறு வகை வைரஸால் மறுபடி வந்தால் ஆபத்து அதிகம் என்பதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, சோதனைக்கு வருகிறவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாநகராட்சிப் பகுதிகளில் இவர்களுக்கு டி.பி.சி. என்று பெயர், டொமெஸ்டிக் பிரீடிங் செக்கர். தோளில் ஒரு பை, கையில் டார்ச், ஒரு நோட்டுப் புத்தகம். வருடக்கணக்காகத் தற்காலிக ஊழியர்களாகவே இருந்து, நிரந்தரம் கேட்டுப் பலமுறை போராடியவர்கள். இவர்களை நாம் நடத்தும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. "திருட்டுப் பயம்" என்பார்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் அது நியாயமான பயம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு அடையாள அட்டையைக் கேட்கலாம், காவலாளியைக் கூட வரச்சொல்லலாம். ஆனால் ஏசி மெக்கானிக்கையும் கேபிள்காரரையும் படுக்கையறை வரை விடுகிறவர்கள் இவர்களை மட்டும் வாசலில் நிறுத்துவதற்குக் காரணம் திருட்டுப் பயம் இல்லை. அவர்களை நாம் கூப்பிட்டோம். இவர் நம்மைச் சோதிக்க வருகிறார். சாதாரணச் சட்டை போட்ட ஒருவர் நம் வீட்டில் குற்றம் கண்டுபிடிப்பதை நம்மால் தாங்க முடியவில்லை.

என் தொழிலில் திடீர்ச் சோதனை சகஜம். முன்னறிவிப்பில்லாமல் ஒருவர் வந்து இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொல்லி நோட்டை எண்ணுவார். என்னை நம்பவில்லையா என்று எந்த மேனேஜரும் கோபித்துக்கொள்வதில்லை. பணத்துக்குச் சரி என்கிற வழக்கம் பிள்ளைகளின் உயிருக்கு மட்டும் ஏன் கௌரவக் குறைச்சல்?

சாணக்யர் பெயரை வைத்த பேட்டையில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அர்த்தசாஸ்திரத்தில் நகர நிர்வாகம் பற்றிய பகுதியில் தெருவில் குப்பை போட்டால் பணத்தில் எட்டில் ஒரு பங்கு அபராதம், சேறும் தண்ணீரும் தேங்கும்படி செய்தால் கால் பணம். ராஜபாட்டை என்றால் இரண்டு மடங்கு. குப்பையைவிடத் தேங்கிய தண்ணீருக்கு அபராதம் அதிகம், கவனித்தீர்களா? கொசுவைப் பற்றிய இன்றைய அறிவெல்லாம் இல்லாத காலத்தில்!

சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்கள் சிரிப்பார்கள். அங்கே அதிகாரிகளுக்கு வீட்டுக்குள் நுழைந்து பூச்சாடித் தட்டு வரை பார்க்கச் சட்ட அதிகாரமே இருக்கிறது, அபராதமும் உண்டு. அப்படியும் 2020ல் அங்கே முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல் டெங்கு. ஆகவே சோதனை ஒன்றே போதும் என்று நான் சொல்லவில்லை. வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏடிஸ் கொசுவுக்குள் ஏற்றி, வைரஸ் அதில் பெருகாமல் செய்யும் வழியை இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் பெரிய அளவில் சோதித்ததில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. நம் புதுச்சேரி ஆராய்ச்சி மையத்திலும் அத்தகைய கொசுக்களை 2022ல் உருவாக்கியிருக்கிறார்கள். அது நம் தெருவுக்கு வரும்வரை நார்தான் ஆயுதம்.

டெல்லி அரசு 2019ல் நல்ல திட்டம் ஒன்று ஆரம்பித்தது. பத்து வாரம், ஞாயிறு காலை பத்து மணி, பத்து நிமிடம், அவரவர் வீட்டை அவரவர் சோதிப்பது. எனக்கு இருந்த ஒரே வருத்தம், செப்டம்பர் முதல் தேதி தொடங்கினார்கள். மழை ஜூலையிலேயே வந்துவிடுகிறது. கூலரில் தண்ணீர் ஏப்ரலிலேயே ஏறிவிடுகிறது.

நம்மவர்களுக்கென்று தனியாக ஒரு விஷயம் இருக்கிறது. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பிவிடுகிறோம். வீடு ஒரு மாதம், ஒன்றரை மாதம் பூட்டிக் கிடக்கும். டிரான்ஸ்பர் ஆனவர் வீடு என்றால் இன்னும் மோசம். எங்கள் மாடிப்படியில் அப்படி ஒரு வீடு இருந்தது. பால்கனியில் பாதித் தண்ணீரோடு கூலர் நிற்பது எதிர் பிளாக்கிலிருந்து கண்ணுக்குத் தெரியும். சாவி வேறு ஊரில். பூட்டை உடைக்கச் சங்கத்துக்குத் தைரியமில்லை. சோதனைக்கு வந்தவர் கதவில் சாக்கட்டியால் பூட்டு என்று எழுதிவிட்டுப் போனார். அந்த செப்டம்பரில் அதே மாடிப்படியில் நான்கு வீடுகளில் டெங்கு. பத்து வயதுப் பெண் ஒருத்தி ஐ.சி.யூ. வரை போய்த் திரும்பினாள். அந்தக் கூலர்தான் காரணம் என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. ஆனால் நூறு மீட்டர் கணக்கு எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எனவே மே மாதம் டிக்கெட் போட்டவர்களுக்கு: கிளம்பும் முன் கூலர் தொட்டியைக் காலி செய்து, தேய்த்து, வெயிலில் காயவையுங்கள். பிரிட்ஜை அணைத்தால் பின்னாலிருக்கும் தட்டை எடுத்துக் கவிழ்த்துவிடுங்கள். மணி பிளாண்ட் பாட்டில், துளசித் தொட்டியின் அடித்தட்டு, குருவிக்கு வைத்த மண்சட்டி எல்லாம் காலி. மொட்டைமாடி டேங்க் மூடி பொருந்துகிறதா என்று தங்கமணியை நம்பாமல் நீங்களே ஏறிப் பாருங்கள். சாவி ஒன்றை எதிர்வீட்டில் கொடுத்து, சோதனைக்கு ஆள் வந்தால் கூடவே நின்று திறந்து காட்டச் சொல்லுங்கள்.

வரும் ஞாயிறு எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டம். இரண்டு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். பதினைந்து நாளுக்கு மேல் பூட்டும் எந்த வீடாக இருந்தாலும் சாவி சங்கத்தில் இருக்க வேண்டும். சோதனைக்கு வருபவரைத் திருப்பி அனுப்பும் வீட்டின் எண்ணை அறிவிப்புப் பலகையில் போட வேண்டும். முதலாவது நிறைவேறிவிடும் என்று நினைக்கிறேன். இரண்டாவதை வாசித்துப் பார்த்த செயலாளர் மெதுவாக ஒன்று கேட்டார், "மூன்றாவது மாடி ஜி.எம். வீட்டு எண்ணையும் போடணுமா ஜி?"