வாக்குச் சீட்டும் சோற்றுப் பானையும்

"எவன் ஆண்டா நமக்கென்ன? பெரட்டுக்குப் போனாத்தான் சோறு!" தோட்டத்தில் பலரும் இப்படிப் பேசுவதுண்டு. ஆட்சி வேறு, சோறு வேறு என்று எண்ணுவதால் வரும் பேச்சு இது. இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று நம்பி அரசியல் நடத்தியவர் பண்டித ஜவஹர்லால் நேரு.

1937இலும் 1946இலும் மலாயாவுக்கு வந்து நம்மவர்களைச் சந்தித்த தலைவர் அவர். 1931இல் கராச்சி காங்கிரஸ் மாநாடு நிறைவேற்றிய தீர்மானத்தில் அவருக்குப் பெரும் பங்குண்டு. பிழைப்புக்குப் போதுமான கூலி, வரையறுத்த வேலை நேரம், பேறுகால விடுப்பு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவை வெள்ளையன் ஆண்ட காலத்திலேயே அதில் எழுதப்பட்டன. கொடி மாறும்போது கூலிக்காரன் வாழ்வும் மாற வேண்டும் என்பதே அதன் பொருள்.

சோவியத் நாட்டின் பொருளாதாரத் திட்டம் நேருவைக் கவர்ந்தது. ஆனால் மக்களின் வாயைக் கட்டிக் கொண்டுவரும் சமதர்மத்தை அவர் ஏற்கவில்லை. 1951-52 பொதுத் தேர்தலில், எழுத்தறியாத ஏழைக்கும் வாக்கு இருந்தது. 1955இல் சென்னையை அடுத்த ஆவடியில் கூடிய காங்கிரஸ், சமதர்மப் பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்றது.

எல்லாம் நடந்ததா? இல்லை. நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் பல மாநிலங்களில் ஏட்டளவில் நின்றன. நிலக்காரர்கள் சந்துபொந்து தேடித் தப்பினார்கள். உரிமையைக் கேட்டு வாங்க ஆளில்லாத இடத்தில் சட்டம் தூங்கிவிடும்.

நேரு பெரிதும் நம்பிய இன்னொரு வழி கூட்டுறவு. அந்த வழியின் பலனை நாமும் கண்டிருக்கிறோம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டிய பால்மரத் தொழிலாளி தோட்டத்துக்கே பங்காளியானான்.

2013இல் 900 வெள்ளியாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளியானது. அது முழுதாகக் கைக்கு வருகிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

சுங்கை ரம்பாய், மெர்லிமாவ் வட்டாரத் தொழிலாளர் குடும்பங்களே! சம்பளச் சீட்டைப் படித்துப் பாருங்கள்; புரியலேன்னா பள்ளிக்கூடம் போற பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். சங்கக் கூட்டத்துக்குப் பெண்களும் போங்கள். 18 வயதானவர்களுக்கும் இப்போது வாக்குண்டு. வாக்குக் கேட்டு வருகிறவரிடம், "வேலை ஓய்ஞ்சபிறகு நாங்க குடியிருக்க வீடு எங்கே?" என்று எல்லாருமாகக் கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.